பதினாறு கட்டத்துக்குள் அந்தமான்

கைப்பேசியில் வானிலை, ரயில் முன்பதிவு, போட்டித் தேர்வு என்று ஏதாவது ஒரு செயலியைத் திறந்தால், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய இந்திய வரைபடம் ஒன்று எங்கோ மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைச் சற்று உற்றுப் பாருங்கள். காஷ்மீரின் தலை தெரியும். குஜராத்தின் புடைப்பு தெரியும். கன்னியாகுமரியின் முனை தெரியும். வங்காள விரிகுடாவின் தென்கிழக்கு மூலைக்குப் போனால், பல படங்களில் அங்கே ஒன்றுமே இருக்காது. சென்னையிலிருந்து 1,300 கி.மீ.க்கும் அப்பால், வடக்கு தெற்காக எழுநூறு கி.மீ.க்கு மேல் நீண்டு கிடக்கும் அந்தமான் நிக்கோபார் தீவுகள் மாயமாகியிருக்கும்.

யாரும் வேண்டுமென்றே அழித்திருக்க வேண்டியதில்லை. பெரிய வரைபடத்தில் தீவுகள் ஒழுங்காகவே இருந்திருக்கும். அந்தப் படத்தைச் சிறிதாக்கச் சொல்லி ஒரு பொத்தானை அழுத்தியபோது, எவரும் முடிவெடுக்காமலே அவை போய்விட்டன. ஏன் போயின, எப்போது போகும், போகாமல் காக்க என்ன செய்யலாம்? கிம்ப் என்ற இலவச மென்பொருளில் ஒரு சின்னப் படவுருவை, அதாவது ஐகானை, நாமே செய்து பார்த்தால் இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும்.

கிம்ப் பற்றி ஒரு வார்த்தை. 1995இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்த ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்ற இரு மாணவர்கள் தொடங்கியது. அடுத்த ஆண்டே எல்லாருக்கும் வெளியிட்டார்கள். இன்று உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் அதை வளர்க்கிறார்கள். 2025 மார்ச்சில் மூன்றாம் பெரும்பதிப்பு வந்தது. காசு கட்ட வேண்டாம், உரிமம் வாங்க வேண்டாம். பழைய கணினியிலும் ஓரளவு ஓடும்.

கட்டங்களும் எண்களும்

திரையில் காணும் எந்தப் படமும் சதுரக் கட்டங்களின் வரிசைதான். ஒரு கட்டத்துக்குப் பிக்சல் என்று பெயர். படப்புள்ளி என்று தமிழில் சொல்கிறோம். ஒரு படப்புள்ளிக்குள் ஒரு நிறம்தான் இருக்க முடியும். இடப்பாதி கடல், வலப்பாதி நிலம் என்று பிரித்து வைக்க வழியில்லை. அந்த ஒரு நிறத்தைக் கணினி மூன்று எண்களாகக் குறித்துக்கொள்கிறது: சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை மதிப்பு உண்டு. மூன்றையும் கலந்தால் 1,67,77,216 நிறங்கள் கிடைக்கும்.

இதை நம்பத்தான் வேண்டும் என்பதில்லை, பார்க்கவே செய்யலாம். கைப்பேசியில் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, திரைமேல் விரல் நுனியால் ஒரு சிறு நீர்த்துளி வையுங்கள். வளைந்த துளியே உருப்பெருக்கி ஆகிவிடும். அதன் வழியே பார்த்தால் வெள்ளை இருக்காது. சிவப்பு, பச்சை, நீலத் துணுக்குகள் அணிவகுத்து நிற்கும்.

படத்தைக் கட்டமாக்கும் வழக்கம் 1957இல் பிறந்தது. அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய அலுவலகத்தில் வேலை பார்த்த ரஸ்ஸல் கிர்ஷ், தன் கைக்குழந்தையின் புகைப்படத்தை ஒளிவருடி மூலம் கணினிக்குள் செலுத்தினார். ஐந்து சென்டிமீட்டர் சதுரப் படம். நீளத்தில் 176 கட்டம், அகலத்தில் 176 கட்டம். ஒரு கட்டம் ஒன்று கறுப்பு, இல்லையென்றால் வெள்ளை. வேறு வேறு வெளிச்ச எல்லைகளை வைத்துப் பலமுறை வருடி, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சாம்பல் நிறங்களையும் வரவழைத்தார். 176 என்ற எண்ணில் மந்திரம் எதுவும் இல்லை. அன்றைய கணினியின் நினைவகம் அதற்குமேல் தாங்காது. சதுரக் கட்டத்தைத் தேர்ந்ததும் வசதிக்காகத்தான். கட்டத்தைவிட மெல்லிய விவரம் அதற்குள் புகுந்தால் என்ன ஆகும் என்ற சிக்கல் அன்றே கூடவே வந்துவிட்டது.

ஒரு கட்டத்தின் பக்கம் 210 கி.மீ.

இணைய உலாவியின் தாவலில், தளத்தின் பெயருக்குப் பக்கத்தில் தெரியும் படவுருவின் பழைய அளவு 16க்கு 16 கட்டம். அதற்குள் இந்தியாவை அடைத்துப் பார்ப்போம்.

வடகோடி எல்லை ஏறத்தாழ 37 பாகை வட அட்சம். தென்கோடி, பெரிய நிக்கோபாரின் இந்திரா முனை, 6 பாகை 45 கலை. இடைவெளி சுமார் 3,370 கி.மீ. இதைப் பதினாறாக வகுத்தால் ஒரு கட்டத்தின் பக்கம் 210 கி.மீ. வருகிறது. சென்னையிலிருந்து வேலூரைத் தாண்டியும் ஒரே கட்டம்தான்.

இப்போது தீவுகளுக்கு வருவோம். அந்தமான் தொகுதியின் மொத்தப் பரப்பு 6,408 சதுர கி.மீ. வடக்கே லேண்ட்ஃபால் தீவிலிருந்து தெற்கே சிறிய அந்தமானின் முனைவரை சுமார் 350 கி.மீ. நீளம். பரப்பை நீளத்தால் வகுத்தால், சராசரியாக 18 கி.மீ. அகலமுள்ள ஒரு நிலக்கீற்று. 210 கி.மீ. அகலக் கட்டத்தில் 18 கி.மீ. என்றால் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு. மீதி தொண்ணூற்றொரு பங்கு கடல். நிக்கோபார் இன்னும் மெலிவு: 1,841 சதுர கி.மீ. நிலம் சுமார் 280 கி.மீ. நீளத்தில் சிதறிக் கிடக்கிறது. அங்கே கட்டத்தில் நிலத்தின் பங்கு மூன்று விழுக்காடுதான்.

ஒரு படப்புள்ளியை ஒரு மக்களவைத் தொகுதியாக எண்ணிக்கொண்டால் சிக்கல் புரியும். வடக்கே டிக்லிபூரிலிருந்து தெற்கே காம்பெல் விரிகுடா வரை எத்தனை தீவு, எத்தனை மொழி, எத்தனை விருப்பம் இருந்தாலும், அந்தமான் நிக்கோபாருக்கு மக்களவையில் இருப்பது ஒரே உறுப்பினர். உள்ளே எவ்வளவு வேற்றுமை இருந்தாலும் வெளியே கேட்பது ஒரு குரல். படப்புள்ளிக்கும் அதே நிலைமை. ஆகவே கேள்வி இதுதான்: அந்த ஒரு குரலை எப்படித் தேர்ந்தெடுப்பது?

மூன்று வகை வாக்கெடுப்பு

முதல் முறை மிக எளியது. தொகுதியின் நட்டநடுவில் நிற்கும் ஒரே ஒருவரை மட்டும் கேட்டு, அவர் சொன்னதையே தொகுதியின் தீர்ப்பாக எழுதிவிடுவது. கிம்பில் ஸ்கேல் இமேஜ் என்ற பெட்டியில், இடைக்கணிப்பு வகைக்கு ‘நன்’ என்று தேர்ந்தால் இதுதான் நடக்கும். புதிய கட்டத்தின் நடுப்புள்ளி பழைய படத்தில் எங்கே விழுகிறதோ, அந்த இடத்தின் நிறம் முழுக் கட்டத்துக்கும் போகும். நடுப்புள்ளி தீவின்மேல் விழுந்தால் 210 கி.மீ. அகலத்துக்குத் தீவு ஊதிப் பெருக்கும்; தண்ணீரில் விழுந்தால் தீவே இல்லை. பன்னிரண்டில் ஒரு வாய்ப்புக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான்.

இதைச் செய்து பார்க்கலாம். கிம்பில் 3,360க்கு 3,360 படப்புள்ளிகள் கொண்ட வெள்ளைப் படம் ஒன்றைத் திறந்து, 18 புள்ளி அகலத்தில் செங்குத்தாக ஒரு கறுப்புக் கோடு போடுங்கள். ஒரு புள்ளிக்கு ஒரு கி.மீ. என்று வைத்தால், கோடுதான் அந்தமான். படத்தை ‘நன்’ முறையில் 16க்கு 16 ஆகச் சுருக்குங்கள். பிறகு சுருக்கத்தை நீக்கி, கோட்டைப் பதினெட்டுப் புள்ளி வலப்பக்கம் நகர்த்தி, மறுபடி சுருக்குங்கள். கோடு வராது, வராது, திடீரென்று முழுக் கறுப்பாக வரும், மறுபடி வராது. படம் மாறவில்லை, கட்டம் விழுந்த இடம் மட்டும் மாறியது. செயலிகளின் வரைபடங்களில் சிலவற்றில் தீவுகள் இருப்பதும் சிலவற்றில் இல்லாததும் இப்படிப்பட்ட தற்செயலாக இருக்கலாம்.

இரண்டாவது முறை பெரும்பான்மை. கட்டத்தில் பாதிக்குமேல் நிலம் இருந்தால் நிலம், இல்லையென்றால் கடல். இதில் தற்செயல் இல்லை, ஆனால் தீர்ப்பு முன்கூட்டியே முடிவானது. ஒன்பது விழுக்காடு எந்நாளும் வெல்லாது. இரண்டே நிறத்தில் படம் செய்யும்போது மென்பொருள் இந்த முறைக்குத்தான் வந்து சேர்கிறது.

மூன்றாவது முறை சராசரி. தொகுதியில் உள்ள எல்லாருடைய கருத்தையும் அவரவர் பங்கின்படி கலந்து ஒரு குரலாக்குவது. ‘லீனியர்’, ‘கியூபிக்’ போன்ற வகைகள் ஒரே புள்ளியோடு நிற்காமல் சுற்றுப்புறத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. நாம் போட்ட கோட்டை இந்த வழியில் சுருக்கினால், கோட்டை எங்கே நகர்த்தினாலும் மெல்லிய சாம்பல் தடம் ஒன்று நிச்சயம் கிடைக்கும். வளைந்த விளிம்புகள் படிக்கட்டாகத் தெரியாமல் வழுவழுப்பாகத் தெரிவதும் இதே கணக்கால்தான். ஆன்டி-ஏலியாசிங் என்று இதற்குப் பெயர். விளிம்பு மென்மையாக்கம் என்று சொல்லலாம்.

நியாயமான முறை இது. ஆனால் நியாயம் மட்டும் போதவில்லை. கச்சால் தீவை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் ரப்பர்த் தோட்ட வேலைக்காகக் குடியேற்றப்பட்ட நிக்கோபார்த் தீவு அது. பரப்பு சுமார் 174 சதுர கி.மீ. நம் கட்டத்தின் பரப்போ 44,100 சதுர கி.மீ. 255 படிகள் கொண்ட வெளிச்ச அளவுகோலில் கச்சாலுக்குக் கிடைக்கும் பங்கு சரியாக ஒரு படி. 254க்கும் 255க்கும் உள்ள வேறுபாட்டை எந்தக் கண்ணும் காணாது. கணக்கில் தீவு இருக்கிறது, பார்வையில் இல்லை.

செய்தி வாசிப்பவரின் சட்டை

தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர் நெருக்கமான கோடுபோட்ட சட்டையோ பொடிக்கட்டம் போட்ட புடவையோ அணிந்து வந்தால், அவர் அசையும்போதெல்லாம் துணியில் அலை அலையாக வானவில் நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். துணியில் அப்படி ஒரு வடிவமே கிடையாது. ஒளிப்படக் கருவியின் கட்டங்களைவிடத் துணியின் கோடுகள் நெருக்கமாகிவிட்டதால், இல்லாத ஒரு வடிவம் பொய்யாக எழுகிறது. அந்தமான் காணாமல் போவதும் இந்தப் பொய் அலை தோன்றுவதும் ஒரே காரணத்தின் இரு விளைவுகள்.

தந்திக் கம்பிகளில் செய்தி அனுப்புவதை ஆராய்ந்த ஹாரி நைக்விஸ்ட் 1928இலும், அதைத் தெளிவான தேற்றமாக்கிய கிளாட் ஷானன் 1949இலும் எழுதிய கட்டுரைகளில் இதன் வேர் இருக்கிறது. சாரம் எளியது. மாறி மாறி வரும் ஒரு கோட்டு வரிசையைச் சரியாகப் பதிவு செய்ய, ஒரு கறுப்பும் ஒரு வெள்ளையும் சேர்ந்த ஒவ்வொரு சோடிக்கும் குறைந்தது இரண்டு மாதிரிகளாவது வேண்டும். அதற்குக் குறைந்தால் விவரம் தொலைவதோடு நிற்காது, வேறொன்றாக வேடம் போட்டுக்கொண்டு திரும்பி வரும். கணினி வரைகலையில் இந்தத் தேற்றத்தின் விளைவை விளக்கி, பரப்பைச் சராசரியாக்கினால் பொய் வடிவங்கள் அடங்கும் என்று 1977இல் காட்டியவர் ஃபிராங்க் குரோ.

தீவுகளுக்கு இந்த விதியைப் பொருத்துவோம். 16 கட்டப் படத்தில் அந்தமானுக்குக் கிடைப்பது ஒரு கட்டத்தில் 9 விழுக்காடு. 32 கட்டத்தில் 17. 64 கட்டத்தில் 34. 128 கட்டத்தில் ஏறத்தாழ 70. 256 கட்டப் படத்தில் ஒரு கட்டத்தின் பக்கம் 13 கி.மீ. ஆகிவிடும், அங்கேதான் முதன்முறையாக அந்தமான் தன் சொந்த அகலத்தில் ஒரு முழுக் கட்டத்தை நிரப்புகிறது. அதுவரை சராசரியாக்கும் எந்தப் பொத்தானும் தீவை முழு நிறத்தில் தராது.

128 பாதியல்ல

சராசரியிலும் ஒரு பொறி உண்டு. படத்தில் சேமிக்கப்படும் எண், வெளிச்சத்தின் அளவுக்கு நேர்விகிதத்தில் இருப்பதில்லை. இருட்டில் ஏற்படும் சிறு மாற்றங்களை நம் கண் எளிதில் கண்டுகொள்ளும். பளிச்சென்ற இடத்தில் அதே அளவு மாற்றத்தைக் கவனிக்காது. ஆகவே 256 படிகளில் பெரும்பகுதியை இருண்ட நிறங்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். விளைவு: 128 என்று எழுதினால் திரை தருவது முழு வெளிச்சத்தில் பாதியல்ல, ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம். உண்மையான பாதி வெளிச்சத்துக்கு 188 என்று எழுத வேண்டும்.

இதையும் சோதிக்கலாம். கணினித் திரையில், கிம்பில், ஒரு புள்ளி கறுப்பு, ஒரு புள்ளி வெள்ளை என்று மாற்றி மாற்றிச் சதுரங்கப் பலகை ஒன்று அமையுங்கள். அதன் ஒரு பக்கம் 128 சாம்பல், மறுபக்கம் 188 சாம்பல் நிரப்புங்கள். படத்தைப் பெரிதாக்காமலும் சிறிதாக்காமலும் 100 விழுக்காட்டில் வைத்துக்கொண்டு, அறையின் மறுகோடிக்குப் போய்த் திரும்பிப் பாருங்கள். பலகையில் பாதிப் புள்ளிகள் எரிகின்றன, பாதி அணைந்திருக்கின்றன. ஆகவே அதன் வெளிச்சம் சரிபாதி. அது எந்தச் சாம்பலோடு கலந்து மறைகிறது என்று பார்த்தால், 188ஓடுதான்.

கறுப்புக் கடலில் வெள்ளைத் தீவு வரைந்ததாக வைத்துக்கொள்வோம். எண்களை அப்படியே சராசரியாக்கும் மென்பொருள், 9 விழுக்காட்டு நிலத்துக்கு 23 என்று எழுதும். அது கிட்டத்தட்டக் கறுப்பு. எண்களை முதலில் வெளிச்சமாக மாற்றி, வெளிச்சத்தைச் சராசரியாக்கி, மறுபடி எண்ணாக மாற்றினால் விடை 85. அதே தீவு, அதே கட்டம், மூன்றரை மடங்குக்கு மேல் பெரிய எண். ஒரு தீவுக்கூட்டம் தெரிவதும் தெரியாமல் போவதும் இந்த ஒரு கணக்கில் மாறிவிடுகிறது. கிம்ப் 2018இல் வெளிவந்த 2.10 பதிப்பிலிருந்து வெளிச்சக் கணக்கில் வேலை செய்யும் வசதியைத் தருகிறது. வெள்ளைக் கடலில் கறுப்புத் தீவு என்றால் கதை தலைகீழ்: முறையான சராசரி 245 என்று தந்து தீவை இன்னும் வெளிறச் செய்யும். மெல்லிய உருவம் தெரிய வேண்டுமானால், இருண்ட பின்னணியில் வெளிர் நிறத்தில் வரைவது லாபம்.

எத்தனை கட்டம் போதும்?

இவ்வளவு சிறிய இடத்தில் எதையாவது அடையாளம் காண முடியுமா என்று சந்தேகம் வரலாம். கண் மருத்துவரின் சுவரில் தொங்கும் எழுத்து அட்டை விடை சொல்கிறது. 1862இல் நெதர்லாந்தின் ஹெர்மன் ஸ்னெல்லன் அதை வடிவமைத்தபோது, ஒவ்வோர் எழுத்தையும் 5க்கு 5 கட்டத்துக்குள் வரைந்தார். எழுத்தின் ஒவ்வொரு கோடும் ஒரு கட்டத் தடிமன். நல்ல பார்வை என்று மருத்துவர் எழுதித் தரும்போது, அந்த ஒரு கட்டம் கண்ணில் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணத்தில் விழுகிறது என்று பொருள். முப்பது சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்த கைப்பேசியில் அது 0.09 மி.மீ. இன்றைய கைப்பேசிகள் பலவற்றின் படப்புள்ளி அதைவிடச் சிறியது. அதனால்தான் அவை மென்பொருள் எண்ணும் ஒரு கட்டத்துக்கு இரண்டு மூன்று உண்மைக் கட்டங்களை வரிசையாகச் செலவழிக்கின்றன.

1973இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் லியான் ஹார்மனும் பேலா யூலெசும் ஆபிரகாம் லிங்கனின் முகத்தைச் சில நூறு சாம்பல் கட்டங்களாகக் குறைத்துக் காட்டினார்கள். அருகில் பார்த்தால் வெறும் கட்டங்கள். கண்ணை இடுக்கினாலோ தள்ளிப் போய்ப் பார்த்தாலோ லிங்கன். கட்டங்களின் கூர்மையான விளிம்புகளே முகத்தை மறைக்கும் இரைச்சல் என்றும், மங்கலாக்கினால் அந்த இரைச்சல் அகன்றுவிடும் என்றும் அவர்கள் விளக்கினார்கள். எம்.ஐ.டி.யின் அன்டோனியோ டொரால்பா 2009இல் இன்னொன்றைக் காட்டினார்: 32க்கு 32 கட்ட வண்ணப்படம் இருந்தாலே கடற்கரையா, தெருவா, காடா என்று மக்கள் சொல்லிவிடுகிறார்கள்.

ஆக, மூளைக்கு நிறையக் கட்டங்கள் தேவையில்லை. சரியான கட்டங்கள் தேவை. சிறு படம் என்பது பெரிய படத்தைச் சுருக்கிக் கிடைப்பது என்ற எண்ணம்தான் நம்மை ஏமாற்றுகிறது. 16 கட்டத்துக்கு வரும்போது அதை முதலிலிருந்து வரைய வேண்டும்.

கையால் வைக்கும் நான்கு புள்ளிகள்

1984இல் வந்த மெக்கின்டாஷ் கணினியின் படவுருக்களை வரைந்த சூசன் கேர் தொடங்கியது கணினியில் அல்ல; கட்டம்போட்ட வரைதாளில். 32க்கு 32 சதுரம் பிரித்துக்கொண்டு, எதை நிரப்புவது, எதை விடுவது என்று ஒவ்வொன்றாகத் தீர்மானித்தார். அவருக்குச் சாம்பலும் கிடையாது, கறுப்பும் வெள்ளையும் மட்டுமே. நம் நாட்டிலும் ஒருவர் உண்டு. தேர்தல் ஆணையத்தின் வரைவாளராக இருந்த எம்.எஸ். சேத்தி பென்சிலால் வரைந்த தேர்தல் சின்னங்கள், எழுத்தறியாத வாக்காளரும் சின்னஞ்சிறு அளவில், மட்டமான அச்சில் பார்த்த மாத்திரத்தில் கண்டுகொள்ளும்படி இருந்தன.

நாமும் அப்படியே வரைவோம். கிம்பில் 16க்கு 16 அளவில், பின்னணி இல்லாத புதிய படம். திரையில் அதை 2,000 விழுக்காடு அளவுக்குப் பெரிதாக்கி, கட்டக்கோடுகளைக் காட்டச் சொல்லுங்கள். வரையக் கையில் எடுக்க வேண்டியது பென்சில். பெயின்ட் பிரஷ் வேண்டாம். பிரஷ் விளிம்புகளைத் தானாகவே கலந்துவிடும். பென்சில் ஒரு புள்ளியை முழுதாக நிரப்பும், இல்லையென்றால் தொடவே தொடாது.

தீர்க்கக்கோடுகளை நேர்குத்தாக வரையும் எளிய வரைபடத்தில் நாட்டின் அகலம் பதினான்கு நெடுவரிசை. இருபுறமும் ஒவ்வொன்று காலி. அட்ச தீர்க்கங்களைக் கட்டமாக மாற்றினால், அந்தமான் மேலிருந்து 13, 14ஆம் வரிசைகளில், இடமிருந்து 13ஆம் நெடுவரிசையில் விழும். கார் நிக்கோபார் அதற்கு நேர்க்கீழே 15ஆம் வரிசை. பெரிய நிக்கோபார் கடைசி வரிசையில், ஒரு கட்டம் வலப்பக்கம் தள்ளி. நான்கு புள்ளிகள் போதும்.

ஒரு கேள்வி எழும். அந்தமானின் அகலத்தைப் பதினோரு மடங்குக்கு மேல் பெரிதாக்கியது பொய்யல்லவா? வரைபடக்காரர்கள் இந்தக் கேள்வியை நெடுங்காலமாகச் சந்தித்து வருகிறார்கள். பத்து லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் உள்ள வரைபடத்தில் சாலையை அரை மி.மீ. கோடாகப் போட்டால், கணக்குப்படி அது 500 மீட்டர் அகலச் சாலை. அப்படி ஒரு சாலை எங்குமில்லை. இருந்தும் எல்லா வரைபடத்திலும் அப்படித்தான் வரைகிறார்கள். அளவைத் துல்லியமாகக் காட்டினால் சாலையே தெரியாது. அளவை விட்டுக்கொடுத்து இருப்பைக் காப்பாற்றும் இந்த முறைக்கு வரைபடப் பொதுமையாக்கம் என்று பெயர்.

விட்டுக்கொடுப்பதிலும் தேர்வு உண்டு. அந்தமானையும் நிக்கோபாரையும் பிரிக்கும் பத்துப் பாகைக் கால்வாய் சுமார் 150 கி.மீ. அகலம். நம் கட்டத்தைவிடக் குறுகல். நான்கு புள்ளிகளையும் வைத்தால் இரண்டு தீவுத்தொகுதிகளும் ஒட்டிக்கொண்டு ஒன்றாகத் தெரியும். 15ஆம் வரிசையைக் காலியாக விட்டால் கால்வாய் பிறக்கும், கார் நிக்கோபார் போய்விடும். இரண்டையும் தரும் விடை 16 கட்டத்தில் இல்லை. 32 கட்டத்துக்குப் போனால் ஒரு கட்டம் 105 கி.மீ.; அங்கே இரண்டுக்கும் இடமுண்டு. எந்த அளவில் எதை இழப்பது என்று முடிவு செய்வதுதான் படவுரு வரைபவரின் உண்மையான வேலை.

நான்காவது எண்

வெள்ளைப் பின்னணியில் வரைந்து விளிம்பை மென்மையாக்கிய படவுருவை வெள்ளைத் திரையில் வைத்தால் அழகாக இருக்கும். கறுப்புத் திரைக்கு மாற்றினால் சுற்றிலும் ஒரு வெள்ளைக் கறை ஒட்டிக்கொண்டு வரும். விளிம்புப் புள்ளிகளில் நிலத்தின் நிறத்தோடு பழைய பின்னணியின் வெள்ளையும் கலந்துவிட்டதே காரணம். இதைத் தீர்க்க, ஒவ்வொரு புள்ளிக்கும் நிறத்தின் மூன்று எண்களோடு நான்காவதாக ஓர் எண் வைத்தார்கள்: இந்தப் புள்ளி எவ்வளவு மறைக்கிறது, எவ்வளவு ஒளியைப் பின்னாலிருந்து விடுகிறது என்பது. 1970களின் பிற்பகுதியில் எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் இருவரும் உருவாக்கிய இந்த எண்ணுக்கு ஆல்ஃபா என்று பெயரிட்டார்கள். அடுக்குகளை இந்த எண்ணைக் கொண்டு எப்படிக் கலப்பது என்ற முறையை 1984இல் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் வகுத்தார்கள். இன்றைய திரைகளெல்லாம் அதன்படிதான் இயங்குகின்றன.

1987இல் வந்த ஜிஃப் வகையில் ஒரு புள்ளி முழுதும் தெரியும், அல்லது முழுதும் மறையும், நடுநிலை கிடையாது. 1996இல் வரையறுக்கப்பட்ட பிஎன்ஜி வகையில் 256 நிலைகளாவது வைக்கலாம். படவுருவுக்கு அதுவே சரி. ஜேபெக் வகையில் சேமிக்கவே கூடாது. அது படத்தை 8க்கு 8 துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் நுண்ணிய மாற்றங்களைத் தியாகம் செய்து இடம் மிச்சப்படுத்துகிறது. நம் படத்தில் மொத்தமே நான்கு துண்டுகள். கையால் வைத்த ஒற்றைப் புள்ளிகளைத்தான் அது முதலில் கரைக்கும்.

சுருக்காமல் வைத்தாலும் 16 கட்டப் படவுருவின் எடை 1,024 பைட்டுதான். அந்தச் சிறுமைக்கு இதே தீவுகளில் ஒருகாலத்தில் தனி மதிப்பு இருந்தது. 2020 ஆகஸ்ட் 10 அன்று, சுமார் 2,300 கி.மீ. நீளக் கடலடிக் கண்ணாடியிழைக் கேபிள் சென்னையைப் போர்ட் பிளேயரோடும், அங்கிருந்து கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார் உள்ளிட்ட தீவுகளோடும் இணைத்தது. அதற்குமுன் தீவுகளின் இணையம் செயற்கைக்கோளின் குறுகிய வழியில்தான் வந்துபோனது. ஒவ்வொரு கிலோபைட்டும் கணக்கானது. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேயரில் இன்று பெரிய படங்களும் விரைவாக இறங்குகின்றன. சிறு படத்தின் தேவை மட்டும் குறையவில்லை, ஏனென்றால் சிறுத்தது இணையத்தின் வழி மட்டுமல்ல, திரையில் கிடைக்கும் இடமும்தான்.

கடைசியாகச் சேமிக்கும் முறை. விண்டோஸின் ஐசிஓ கோப்பு ஒரே படவுருவைப் பல அளவுகளில் தன்னுள் வைத்துக்கொள்ளும். கிம்பில் 16, 32, 48, 256 ஆகிய அளவுகளை வெவ்வேறு அடுக்குகளாக வைத்து ஏற்றுமதி செய்தால், ஒவ்வோர் அடுக்கும் ஒரு படவுருவாகப் பதிவாகும். 256ஐ மட்டும் பெரிய வரைபடத்திலிருந்து சுருக்கி எடுக்கலாம். அங்கே சராசரிக் கணக்கை நம்பலாம் என்று பார்த்தோம். மற்றவற்றில் கடற்கரையை மென்பொருளிடம் விட்டுவிட்டு, தீவுகளை நீங்களே பென்சிலால் வையுங்கள். முடித்ததும் பெரிதாக்காமல், உண்மை அளவில், வெள்ளைத் திரையிலும் கறுப்புத் திரையிலும் ஒருமுறை பாருங்கள்.

இன்னொரு தீவுக்கூட்டம் பாக்கி இருக்கிறது. லட்சத்தீவுகளின் மொத்தப் பரப்பு 32 சதுர கி.மீ. நம் 16 கட்ட வரைபடத்தில், எண்களைச் சராசரியாக்கும் முறையில் அதற்குக் கிடைப்பது 0.2 படிகூட இல்லை. முழு எண்ணாக்கினால் பூச்சியம். நடுப்புள்ளி முறையில் வரும் என்று காத்திருப்பதிலும் பயனில்லை. தலைநகர் கவரட்டியின் இடம் 14ஆம் வரிசை, 4ஆம் நெடுவரிசை. அங்கே புள்ளி வைப்பதா, வேண்டாமா என்பதை உங்களுக்காக எந்த மென்பொருளும் முடிவு செய்து தராது.